துருவக் கடலுக்கு ஒரு சிறு கப்பல்



பழநி வட்டாரத்தின் வறண்ட சமவெளியில் உள்ளது எங்கள் கீரனூர். இங்கே கடலைக் காணாமலே காலத்தைக் கழித்தவர் பலர். இந்த ஊர்க்காரன் தென்துருவக் கடலுக்கு எந்தக் கப்பலில் செல்லலாம் என்று பேச வந்தால் உங்களுக்குச் சிரிப்பு வரலாம். எனக்கும் முதலில் சிரிப்புத்தான் வந்தது. பொறுப்பு என் தலையில் விழுந்த பிறகு அது அடங்கிவிட்டது.

சிங்கப்பூரில் பணிபுரியும் என் தங்கை மகன், தன் தாய்க்கு அறுபது வயது நிறைவதை முன்னிட்டு அவளை அண்டார்க்டிகாவுக்கு அழைத்துச் செல்ல விரும்பினான். சிறுமியாயிருந்தபோது, தேசப்படத்தின் அடியில் வெண்மையாகக் கிடந்த கண்டத்தைக் காட்டி, "அங்கே யார் அண்ணா இருக்கிறார்கள்?" என்று அவள் என்னைக் கேட்டதுண்டு. அதை அவனிடம் நான் சொல்லி வைத்ததே வினையாயிற்று. "மாமா, நான்கு கப்பல்களின் விவரம் அனுப்பியுள்ளேன். நீங்களே ஒன்றைத் தேர்ந்து சொல்லுங்கள்" என்று எழுதிவிட்டான். அவனுடைய பல ஆண்டுச் சேமிப்பும் என் தங்கையின் உயிரும் என் சொல்லை நம்பி நின்றன.

படங்களைப் பார்த்தேன். பளிங்குக் குளியலறை, மேல்தளத்தில் வெந்நீர்த் தொட்டி, அரச விருந்து! எங்கள் பக்கத்து மாட்டுச் சந்தையிலும் கொம்புக்கு வண்ணம் பூசி, கழுத்தில் சலங்கை கட்டி மாட்டை நிறுத்துவார்கள். அனுபவமுள்ள உழவர் அதில் மயங்கமாட்டார். பல்லைப் பிடித்துப் பார்ப்பார். குளம்பைத் தூக்கிப் பார்ப்பார். நாலடி நடத்திப் பார்ப்பார். கப்பலுக்குப் பல் எது, குளம்பு எது என்று நானும் தேடப் புகுந்தேன்.

முதற்பாடம் பழைய வரலாற்றில் கிடைத்தது. 1912இல் நார்வே நாட்டில் ஓர் அழகிய மரக்கப்பலைக் கட்டினார்கள். செல்வர்களைத் துருவப் பக்கம் உல்லாசப் பயணம் அழைத்துச் செல்வதே அதன் நோக்கம். அந்த முயற்சி கைகூடாமற் போகவே, ஷாக்கிள்டன் என்ற பயணத் தலைவர் அதை வாங்கி 'எண்டியூரன்ஸ்' என்று பெயரிட்டார். உறுதியான கப்பல்தான். ஆயினும் அதன் அடிவயிறு பனியின் நெருக்குதலில் மேலெழும்பும்படி உருண்டையாக அமையவில்லை. 1915இல் பனி அதை இறுக்கி நொறுக்கிற்று. அதிலிருந்த 28 பேரும் பெரும்பாடுபட்டு உயிர் பிழைத்தனர். கப்பலோ, 2022 மார்ச்சில் 3008 மீட்டர் ஆழத்தில் கண்டுபிடிக்கப்பட்டது. அதற்கு முன்பே, 1892இல் நான்சென் என்பவருக்காகக் கட்டப்பட்ட 'ஃபிராம்' உருண்டை வயிற்றுக் கப்பல். பனி நெருக்கியபோது அது மேலே எழும்பிக்கொண்டது. திறந்த கடலிலோ, பயணிகளின் குடலைப் புரட்டும்படி உருண்டது. எல்லா நலமும் ஒருங்கே அமைந்த கப்பல் இல்லை என்பதை அன்றே தெரிந்துகொண்டேன்.

இன்றைய கப்பல்களின் உடல்வலிமைக்குத் தரவரிசை உண்டு. பனிக்கடல் வகுப்பு ஒன்று முதல் ஏழு வரை செல்லும். ஒன்றே மிக வலியது. ஏழு மிக எளியது. 2017 ஜனவரி 1 முதல் துருவக் கடல் விதித்தொகுப்பும் நடைமுறைக்கு வந்துள்ளது. விபத்து நேர்ந்தால் குறைந்தது ஐந்து நாட்கள் உதவியின்றி உயிர் தாங்குவதற்கான ஏற்பாடு வேண்டும் என்கிறது அது. ஐந்து நாட்கள்! பளிங்குக் குளியலறையின் மதிப்பு எனக்கு அந்த வரியில் விளங்கிவிட்டது.

இது வீண் அச்சமன்று. துருவச் சுற்றுலாவுக்கென்றே 1969இல் கட்டப்பட்ட 'லிண்ட்பிளாட் எக்ஸ்ப்ளோரர்' பிற்காலத்தில் 'எக்ஸ்ப்ளோரர்' என்று வழங்கிற்று. பனியைத் தாங்கும்படி கட்டப்பட்ட அக்கப்பலே 2007 நவம்பர் 23 அன்று அண்டார்க்டிகா அருகே பனி தாக்கி மூழ்கியது. படகுகளில் நடுங்கிக் காத்திருந்த 154 பேரையும் 'நோர்ட்நோர்கே' என்ற நார்வேக் கப்பல் காப்பாற்றியது. உறுதியான உடலோடு, அனுபவமுள்ள மாலுமியும் கூப்பிடு தூரத்தில் துணைக்கப்பலும் வேண்டும்.

அடுத்தது ஆள் எண்ணிக்கை. 500 பயணிகளுக்கு மேல் ஏற்றிய கப்பலிலிருந்து அண்டார்க்டிகாவில் எவரும் கரையிறங்கலாகாது. ஓர் இடத்தில் ஒரே நேரத்தில் 100 பேருக்கு மேல் நிற்கவும் கூடாது. ஆகவே, 200 பேர் செல்லும் கப்பலில் பாதிப்பேர் முறைக்குக் காத்திருக்கவேண்டும். 100 பேர் செல்லும் கப்பலில் எல்லாரும் ஒருங்கே இறங்கலாம். சிறு கப்பலுக்குக் கூடுதல் பணம் கொடுப்பதன் உண்மைப் பயன் இதுதான். ஆனால் சிறு கப்பல் அலையில் அதிகம் ஆடும். தென் அமெரிக்காவின் முனையைத் தாண்டி டிரேக் நீரிணையைக் கடக்க ஏறத்தாழ இரண்டு நாட்கள் ஆகும். ஆட்டம் குறைந்த இடம் கீழ்த்தளத்தின் நடுப்பகுதி. விலை மிகுந்த மேல்மாட அறையோ ஆட்டத்தில் முதல் பங்கு பெறும்!

இவ்வளவும் தங்கைக்கு விளக்கினேன். முழங்கால் வலிக்காரி ஆயிற்றே. கப்பலின் படியிலிருந்து ஆடுகின்ற ரப்பர்ப் படகுக்கு இறங்கவேண்டும், அவளால் ஆகுமா? "பெரிய கப்பலில் அமர்ந்தபடியே பார்த்து வரலாம், ஆட்டமும் குறைவு" என்றேன். அவள் சற்று நேரம் பேசவில்லை. பிறகு, "தூரத்திலிருந்து பார்ப்பதற்குத் தேசப்படம் போதுமே, அண்ணா" என்றாள்.

அதற்குமேல் நான் வாதாடவில்லை. பழநி மலைக்கு அழைத்துச் சென்றேன். விஞ்சு வண்டியை விட்டுவிட்டுப் படிவழியே ஏறினாள். ஏறுவதைவிட இறங்குவதே முழங்காலுக்குச் சோதனை. ஆறு இடங்களில் அமர்ந்து, கைப்பிடியைப் பற்றியபடி அடிவாரம் சேர்ந்தாள். மருத்துவரும் பார்த்துச் சம்மதித்தார்.

நூறு பேர் செல்லும் கப்பல்; ஆறாம் பனிக்கடல் வகுப்பு; கீழ்த்தளத்து நடு அறை. இதுவே என் முடிவு. மேல்மாட அறையை விட்டதால் மிஞ்சிய பணத்தை, நோயாளியை அங்கிருந்து மீட்டுவருவதற்கான காப்பீட்டில் போடச் சொன்னேன். மருமகனுக்குச் சிறிது ஏமாற்றம்தான். தாய்க்குச் சிறந்த அறையைத் தரவேண்டுமென்று நினைத்திருந்தான். "அறையில் இருப்பதற்கா அவ்வளவு தூரம் போகிறாள்?" என்று கேட்டேன்.

கப்பல் இன்னும் புறப்படவில்லை. தங்கை அன்றாடம் மாலையில் எங்கள் வீட்டு மாடிப்படியை இருபது முறை ஏறி இறங்குகிறாள். நான் கீழே நின்று எண்ணிக்கொண்டிருக்கிறேன்.