கருவின் முதல் 28 நாட்கள்



கருவின் உயிரணுக்கள் அனைத்திலும் இருப்பவை ஒரே மரபணுக்களே. எனினும் ஒன்று தோலாகிறது, மற்றொன்று நரம்பாகிறது. எந்த மரபணு இயங்க வேண்டும் என்பதை அண்டை உயிரணுக்களின் வேதிச் சைகைகள் தீர்மானிக்கின்றன. தாயின் உணவுக்கும் இதில் பங்குண்டு.

மூளையும் தண்டுவடமும் உருவாகும் நரம்புக்குழல், கருத்தரித்த 28 நாட்களுக்குள் மூடிவிடுகிறது. பல பெண்கள் தாம் கருவுற்றிருப்பதையே அதுவரை அறிவதில்லை! ஃபோலிக் அமிலம் குறைந்தால் அக்குழல் மூடாமல் போகக்கூடும். இக்குறையுடைய பிள்ளையை முன்னர்ப் பெற்ற தாய்மார்களுக்கு ஃபோலிக் அமில மாத்திரை கொடுத்தபோது, அது மீண்டும் நேர்வது 72 விழுக்காடு குறைந்ததாக 1991இல் பிரிட்டனின் மருத்துவ ஆராய்ச்சி மன்றம் வெளியிட்டது. மருமகளின் ராசியைப் பழிப்போர் இதனைக் கவனிக்க! கருத்தரிப்பதற்கு ஒரு மாதம் முன்பிருந்தே நாள்தோறும் 400 மைக்ரோகிராம் உட்கொள்ள வேண்டும். முன்னர் அத்தகைய பிள்ளையைப் பெற்றோருக்குக் கூடுதல் அளவு தேவை, அதனை மருத்துவரே குறித்துக் கொடுப்பார்.