பெரிய கதவும் திட்டிவாசலும்

(வேங்கிக்காலில் நடந்த முன்னாள் மாணவர் சங்கக் கூட்டத்தில் ஆற்றிய உரை)



"கடல்நீரைக் குடிநீராக்குற வேலையில இருக்கியே, அதைப் பத்திப் பேசேன்" என்றார் சங்கச் செயலாளர். எனக்குப் பாடம் சொன்ன ஒரு பாக்டீரியாவைப் பற்றிப் பேசுகிறேன்.

மீஞ்சூரில் 2010-லும் நெம்மேலியில் 2013-லும் நாளுக்கு 10 கோடி லிட்டர் தரும் ஆலைகள் வந்தன. கடல்நீரை மிகுந்த அழுத்தத்தில் மெம்பரேன் வழியே தள்ளுவார்கள். தண்ணீர் போகும், உப்பு நிற்கும்.

நான் முதலில் சேர்ந்தது வேறொரு சிறிய ஆலை. ஒருநாள் தண்ணீர் வரத்து குறைந்தது. உப்புதான் படிந்திருக்கிறது என்று அமிலம் விட்டுக் கழுவினேன். சரியாகவில்லை. அழுத்தத்தைக் கூட்டினேன், மேலும் கூட்டினேன். சில வாரங்களில் மெம்பரேன்கள் பாழ். பிரித்தால் வழவழவென்று கையில் ஒட்டியது. உப்புநீர் பாக்டீரியாக்கள் கட்டிய படலம்! "தம்பி, மோந்து பார்த்திருந்தாலே தெரிஞ்சிருக்குமே" என்றார் மூத்த ஆபரேட்டர். தொடக்கத்திலேயே காரக் கரைசலில் கழுவியிருந்தால் பெரும்பாலும் தப்பித்திருக்கும்.

லிட்டருக்குச் சுமார் 35 கிராம் உப்புள்ள நீரில் இவை எப்படி வாழ்கின்றன? புத்தகங்களைப் புரட்டினேன். இவற்றில் பல வகைகளுக்கு இரண்டு சவ்வுகள். வெளிச்சவ்வில் 'போரின்' என்னும் பீப்பாய் வடிவப் புரதங்கள் வாசல்களாக நிற்கின்றன. இவை நன்கு ஆராயப்பட்டது நம் குடலில் வாழும் ஈ.கோலையில். உப்பு குறைவென்றால் அதில் ஓம்ப்-எஃப் என்ற சற்றே அகன்ற வாசல் அதிகம். உப்பு கூடினால் அது குறைந்து, ஓம்ப்-சி என்ற குறுகிய வாசல் பெருகும். நம்ம ஊர்க்காரர்களுக்குச் சொல்வதென்றால், பெரிய கதவைச் சாத்தித் திட்டிவாசலைத் திறப்பது மாதிரி! கடலில் வாழும் விப்ரியோ வகைகளிலும் உப்புக்கேற்ப வெளிச்சவ்வுப் புரதங்கள் மாறுகின்றன.

வாசல் மட்டும் போதாது. உப்பு அதிலும் நுழையும். ஆகவே கிளைசின் பீட்டெய்ன் போன்ற பொருள்களை உள்ளே சேர்த்துவைத்து, நீரை இழக்காமல் காத்துக்கொள்கிறது அந்த ஒற்றைச் செல்.

வெளியே என்ன மாறியது என்று அது முதலில் அறிகிறது. பிறகு தன்னை மாற்றிக்கொள்கிறது. பட்டம் வாங்கிய நானோ எதையும் அறியாமல் அழுத்தத்தைக் கூட்டினேன்.

தம்பி தங்கைகளே, நாளை உங்கள் கையிலும் ஒரு வால்வு இருக்கும். திருகுவதற்கு முன், என்ன மாறியிருக்கிறது என்று பாருங்கள். பக்கத்தில் நிற்கும் ஆபரேட்டரையும் கேளுங்கள்.