பிரிஸ்பேனிலிருந்து 500 தட்டுகள்



பங்க் ராக் இசை எங்கே பிறந்தது என்று கேட்டால் நியூயார்க் என்பார்கள், லண்டன் என்பார்கள். லண்டன்காரர்கள் கொஞ்சம் அழுத்தியே சொல்வார்கள். அவர்கள் ஊரின் முதல் பங்க் சிங்கிள் என்று கொண்டாடப்படும் ‘நியூ ரோஸ்’ வெளிவந்தது 1976 அக்டோபர் 22. செக்ஸ் பிஸ்டல்ஸ் குழுவின் முதல் சிங்கிள் அதற்கும் ஒரு மாதம் பின்னால். ஆனால் செப்டம்பரிலேயே, ஆஸ்திரேலியாவின் பிரிஸ்பேனிலிருந்து ஓர் இசைத்தட்டு கிளம்பிவிட்டது. தி செயின்ட்ஸ் குழுவின் ‘ஐம் ஸ்ட்ராண்டட்’.

யார் இவர்கள்? பாடகர் கிறிஸ் பெய்லி, கென்யாவில் பிறந்த ஐரிஷ் வீட்டுப் பிள்ளை. கிட்டார் எட் கூப்பர், ஜெர்மனியில் பிறந்தவர். டிரம்ஸ் வாசித்தவர் ஐவர் ஹே. பெயர்தான் ஐவர்; பேஸ் கிட்டார்காரரையும் சேர்த்துக் குழுவே நால்வர்தான்!

அன்றைய பிரிஸ்பேன் எப்படிப்பட்ட ஊர்? குயின்ஸ்லாந்து முதல்வர் ஜோ பெல்கி-பீட்டர்சன். 1968இல் நாற்காலியில் அமர்ந்தவர், 1987 வரை எழுந்திருக்கவில்லை. தெருவில் ஊர்வலம் போவதற்கே பின்னாளில் தடை போட்ட மனிதர். அந்த ஊரில் இந்தச் சத்தத்துக்கு எவர் மேடை தருவார்? தரவில்லை. குடியிருந்த வீட்டையே இவர்கள் அரங்கமாக்கிக்கொண்டார்கள். ‘கிளப் 76’ என்று பெயரும் வைத்தாயிற்று.

பாட்டைப் பதிவு செய்தது ஜூன் மாதம், உள்ளூர் ஸ்டூடியோவில். வெளியிட ஆளில்லை. ‘ஃபேட்டல் ரெக்கார்ட்ஸ்’ என்று தாங்களே ஒரு நிறுவனத்துக்குப் பெயர் சூட்டி, 500 பிரதி போட்டார்கள். சிற்றிதழ் நடத்திக் கை சுட்டவர்கள் இந்த அவையில் உண்டு; 500 பிரதி என்றால் என்னவென்று அவர்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. வானொலிகளுக்கும் பத்திரிகைகளுக்கும் தபாலில் அனுப்பினார்கள். உள்நாட்டில் பெரிதாக யாரும் காது கொடுக்கவில்லை.

லண்டனில் ‘சவுண்ட்ஸ்’ என்றொரு இசை வார இதழ். கடல் கடந்து போன ஒரு பிரதி அங்கே சுழன்றது. இந்த வாரத்துக்கு மட்டுமல்ல, எந்த வாரத்துக்கும் இதுதான் சிறந்த சிங்கிள் என்ற பொருளில் எழுதிவிட்டார்கள்! உடனே லண்டன் ஈஎம்ஐ இசை நிறுவனம், சிட்னியில் இருந்த தன் கிளைக்குச் சொல்லி அனுப்பியது: அந்தப் பையன்களைப் பிடியுங்கள். பக்கத்து வீட்டுப் பாட்டைக் கேட்கப் பாதி உலகம் சுற்றி உத்தரவு வரவேண்டியிருந்தது. எனக்கு இதில் சிரிப்பைவிடக் கோபம்தான் அதிகம்.

பாட்டைச் சொல்லாமல் போனால் பாவம். முதல் நொடியிலேயே கிட்டார் பாய்கிறது; மூச்சு வாங்க இடைவெளியே கிடையாது. அதன் மேல் பெய்லியின் குரல். கத்துவார் என்று எதிர்பார்ப்பீர்கள். மாட்டார். சொற்களை இழுத்து, அலட்சியமாக, ‘உன்னால் ஆனதைப் பார்’ என்கிற தோரணையில் பாடுவார். நடுவழியில் கைவிடப்பட்டவனின் பாட்டு அது, ஆனால் பரிதாபம் கேட்கவே கேட்காது.

1977இல் லண்டன் போனார்கள். அங்கே பங்க் என்றால் ஊக்கு குத்திய சட்டை, முள் போல் குத்திட்டு நிற்கும் முடி. இவர்களோ நீள முடியும் சாதாரணச் சட்டையுமாக நின்றார்கள். வேஷம் கட்ட மறுத்தார்கள். 1978இல் குழு உடைந்தது. அதே பாட்டை 2007இல் ஆஸ்திரேலியத் தேசியத் திரைப்பட, ஒலி ஆவணக் காப்பகம் தன் சிறப்புப் பட்டியலில் ஏற்றியது. 31 வருடம் கழித்து!

மன்ற நிர்வாகிகளிடம் ஒரு கோரிக்கை வைத்து அமர்கிறேன். இந்த ஊர்ப் பிள்ளைகள் சொந்தமாகக் கட்டிய பாட்டை வாசிக்க, மாதம் ஒரு மாலை இந்த அரங்கைக் கொடுங்கள். வாடகை வாங்காதீர்கள். சத்தம் அதிகம் இருக்கும்; தலைவர் பொறுத்தருள வேண்டும்.