தொட்டிக்குள் இறக்கியது யார்?

(ஆய்வு மாணவர்களின் வாசிப்பு வட்டக் கூட்டமொன்றில் பேசியதன் எழுத்து வடிவம்)



துன்பத்தின் நடுவே கடவுளின் இறையாண்மையை நம்புவது பற்றிப் பேசப்போகிறேன் என்று சொன்னதும் இரண்டு மூன்று தோழர்கள் சிரித்தார்கள். அம்பேத்கரையும் பெரியாரையும் படிக்கிற இடத்தில் ஞாயிறு பள்ளி வகுப்பா என்று கேட்டார்கள். நியாயமான கேள்விதான். ஆனால் தமிழ்நாட்டுக் கிறித்தவர்களில் பெரும்பகுதி தலித் மக்கள். அவர்கள் வீட்டில் ஒரு சாவு விழுந்தால் முதலில் காதில் விழும் சொல் "தேவசித்தம்". அந்த ஒரு சொல் எத்தனை வழக்குகளை மூடியிருக்கிறது, எத்தனை பேரை மறுநாள் எழுந்து நடக்கவும் வைத்திருக்கிறது என்பதைப் பேசாமல் நாம் சாதி ஒழிப்பு பேச முடியாது என்று நினைக்கிறேன்.

என் வீட்டிலிருந்தே தொடங்குகிறேன்.

2016-இல் என் சித்தப்பா ஒரு கழிவுநீர்த் தொட்டிக்குள் விஷவாயு தாக்கி இறந்தார். அது ஒரு கிறித்தவ நிறுவனத்தின் விடுதி வளாகம். பெயர் வேண்டாம். ஒப்பந்தக்காரர் முந்நூறு ரூபாய் கூடுதலாகத் தருவதாகச் சொல்லி இறக்கியிருக்கிறார். கயிறு கிடையாது, முகமூடி கிடையாது. உள்ளே போனவர் குரல் கொடுக்கவில்லை. அவ்வளவுதான்.

அடக்க ஆராதனைக்கு ஐயர் வந்தார். எங்கள் தென்மாவட்டச் சபைகளில் போதகரை ஐயர் என்றுதான் அழைப்போம். அது ஏன் என்பது தனி ஆய்வுக்குரிய விஷயம். அவர் கெட்ட மனிதர் இல்லை. என் பள்ளிக் கட்டணத்தை இரண்டு முறை கட்டியவர். யோபுவின் கதையை எடுத்துப் பேசினார். பிள்ளைகளையும் சொத்தையும் ஒரே நாளில் இழந்த யோபு, கொடுத்தவரே எடுத்துக்கொண்டார் என்று கர்த்தரைத் துதித்தானாம். கர்த்தரின் திட்டம் நமக்குப் புரியாது, ஆனால் அதில் தவறு இருக்காது என்றார். எல்லோரும் அழுதார்கள், நானும் அழுதேன்.

அன்று மாலை அவர் மறுபடியும் வந்தார். கூடவே நிறுவனத்தைச் சேர்ந்த ஒருவர். காவல் நிலையம் வேண்டாம், குடும்பத்துக்கு ஏதாவது செய்கிறோம், கர்த்தருடைய சித்தத்தை எதிர்த்து நாம் என்ன செய்ய முடியும் என்றார்கள். சித்தி சுவரில் சாய்ந்து உட்கார்ந்திருந்தாள். வெள்ளிக்கிழமை தவறாமல் உபவாசம் இருப்பவள். தலையை நிமிர்த்திச் சொன்னாள்:

"ஐயா, அவுகள தொட்டிக்குள்ள எறக்குனது கர்த்தர் இல்ல, கான்ட்ராக்டரு. எறக்குனவன் பேர மொதல்ல ஸ்டேசன்ல எழுதுவோம். ஜெபம் அதுக்கப்புறம் பண்ணுவோம்."

பத்து வருடமாக நான் படித்த எந்த இறையியல் நூலும் இந்த இரண்டு வரியைத் தாண்டிப் போகவில்லை. இன்று நான் பேசப்போவதெல்லாம் இதற்கு விளக்கம்தான்.

முதலில் அம்பேத்கர். மதம் மாறியவர்களின் நிலை குறித்து அவர் எழுதியதில் கிறித்தவ மிஷனரிகள் மீது ஒரு கடுமையான விமர்சனம் வைக்கிறார். தீண்டப்படாத மனிதனின் வீழ்ச்சிக்குக் காரணம் அவனைச் சுற்றியுள்ள சமூக அமைப்பு என்று மிஷனரி சொல்லித்தரவில்லை, அவனுடைய பாவம்தான் காரணம் என்று சொல்லித்தந்தார் என்கிறார். எனவே மாறியவனுக்குத் தன் சூழலை எதிர்த்துப் போராடும் வேகம் பிறக்கவில்லை. இதை நாம் கொஞ்சம் நிதானமாக யோசிக்க வேண்டும். போன பிறவியின் வினை என்று சொன்ன இடத்திலிருந்து தப்பித்து வந்தவனிடம், ஆதாமின் பாவம் என்று சொன்னால் என்ன மாறியது? இரண்டிலும் ஒப்பந்தக்காரர் வெளியேதான் நிற்கிறார்.

தேவசித்தம் என்ற சொல்லும் இப்படித்தான் வேலை செய்கிறது. நோயில் செத்தாலும், சுனாமியில் செத்தாலும், தொட்டியில் செத்தாலும் ஒரே சொல். ஒரு மனிதன் கையால் நடந்ததையும் யார் கையும் இல்லாமல் நடந்ததையும் அது பிரித்துப் பார்ப்பதில்லை. அதிகாரத்தில் இருப்பவர்களுக்கு இதைவிட வசதியான சொல் கிடையாது.

இது சபைகளில் மட்டும் நடக்கிற விஷயமும் இல்லை. 1876 முதல் 1878 வரை சென்னை மாகாணத்தை அழித்த பஞ்சத்தை எடுத்துக்கொள்ளுங்கள். மழை பொய்த்தது உண்மை. ஆனால் தானிய ஏற்றுமதி நிற்கவில்லை. 1877 ஜனவரி முதல் நாள் வைஸ்ராய் லிட்டன் டெல்லியில் விக்டோரியாவைப் பேரரசி என்று அறிவிக்கத் தர்பார் நடத்திக்கொண்டிருந்தார். அதே மாதம் மாகாணத்துக்கு அனுப்பப்பட்ட ரிச்சர்ட் டெம்பிள், நிவாரண வேலைக்கு வந்தவர்களின் கூலியை ஒரு நாளைக்கு ஒரு பவுண்டு தானியம், அதாவது சுமார் 450 கிராம், அதோடு சில்லறைக் காசு என்று வெட்டினார். மண் சுமக்கிற உடம்புக்கு இது. வானம் பொய்த்ததற்கு யாரும் பொறுப்பில்லை. 450 கிராமுக்கு ஒரு மனிதர் கையெழுத்துப் போட்டிருக்கிறார்.

அதே பஞ்சத்தில் ஓங்கோலில் என்ன நடந்தது என்பதும் தெரிய வேண்டும். அங்கே இருந்த அமெரிக்க பாப்டிஸ்ட் மிஷனரி ஜான் கிளஃப், பஞ்சம் கடவுளின் தண்டனை என்று பிரசங்கம் செய்துகொண்டு உட்கார்ந்திருக்கவில்லை. பக்கிங்காம் கால்வாயில் மூன்றரை மைல் தூரம் வெட்டும் ஒப்பந்தத்தை அரசிடமிருந்து எடுத்தார். மாதிகா மக்களுக்கு வேலை கொடுத்தார். மேற்பார்வைக்குச் சாதிக்காரர்களை வைக்காமல் தன்னோடிருந்த மாதிகா போதகர்களையே வைத்தார். கூலி கைக்குப் போய்ச் சேர்ந்தது. நிவாரணம் நடந்த காலத்தில் ஞானஸ்நானம் கொடுப்பதையும் நிறுத்தி வைத்தார், சோற்றுக்காக வந்தார்கள் என்ற பேச்சு வரக்கூடாது என்பதற்காக. 1878 ஜூலை 3 அன்று குண்டலகம்மா ஆற்றில் ஒரே நாளில் 2,222 பேர் ஞானஸ்நானம் பெற்றார்கள்.

நான் மிஷனரிப் புகழ் பாட வரவில்லை. அவர்களுடைய காலனியப் பார்வை குறித்து எழுத நிறைய இருக்கிறது, நானே எழுதிக்கொண்டிருக்கிறேன். என் கேள்வி வேறு. அந்த 2,222 பேர் எதை நம்பி ஆற்றில் இறங்கினார்கள்? எல்லாம் கடவுளின் திட்டம், சும்மா இரு என்று சொன்ன ஒரு கடவுளையா? வினை, தலையெழுத்து என்று அதையெல்லாம் ஏற்கெனவே கேட்டு அலுத்தவர்கள் அவர்கள். தங்களைத் தொடுகிற, ஏமாற்றாமல் கூலி தருகிற, தங்களில் ஒருவனை மேற்பார்வையாளனாக நிறுத்துகிற ஒரு கடவுளைத்தான் அவர்கள் அந்தக் கால்வாய்க் கரையில் பார்த்தார்கள் என்று நான் நினைக்கிறேன். கடவுள் எல்லோருக்கும் மேலே இருக்கிறார் என்று அவர்கள் சொன்னபோது, கர்ணமும் ரெட்டியும் அவருக்குக் கீழேதான் என்ற பொருளும் அதில் இருந்தது. இறையாண்மை என்ற சொல்லுக்கு ஒடுக்கப்பட்டவர்கள் கொடுத்த பொருள் இது. இதை நாம் கவனிக்கத் தவறுகிறோம்.

இப்போது வேதாகமத்துக்கு வருகிறேன், ஏனென்றால் எங்கள் ஐயர் அதைத்தான் கையில் வைத்திருந்தார். யோபு புத்தகத்தில் நாற்பத்திரண்டு அதிகாரங்கள் இருக்கின்றன. சாவு வீட்டில் வாசிக்கப்படுவது முதல் இரண்டு அதிகாரங்கள். மூன்றாம் அதிகாரத்தில் யோபு வாயைத் திறக்கிறான், தான் பிறந்த நாளையே சபிக்கிறான். பிறகு கடவுள்மேல் வழக்குப் போட வேண்டும், நடுவர் வேண்டும் என்று கேட்கிறான். அவனைப் பார்க்க வந்த எலிப்பாஸ், பில்தாத், சோப்பார் என்ற மூன்று நண்பர்கள்தான் கடவுளுக்கு வக்கீலாக நிற்கிறார்கள். நீ ஏதோ தப்பு செய்திருப்பாய், கடவுள் காரணமில்லாமல் அடிப்பாரா என்று திரும்பத் திரும்பச் சொல்கிறார்கள். கடைசி அதிகாரத்தில் கடவுள் யார்மேல் கோபப்படுகிறார்? அந்த மூன்று பேர் மேல். யோபு பேசியதே சரி என்கிறார். தன்னைக் காப்பாற்ற வந்த வக்கீல்களைத் தள்ளிவிட்டு, தன்னை எதிர்த்துக் கேள்வி கேட்டவனுக்குத் தீர்ப்புச் சொல்கிற கடவுள் அவர். எந்த அடக்க ஆராதனையிலும் இதுவரை இந்த அதிகாரத்தை நான் கேட்டதில்லை.

யோவான் எழுதிய நற்செய்தியின் ஒன்பதாம் அதிகாரத்தில் பிறவிக்குருடன் ஒருவனைக் காட்டி, இவன் செய்த பாவமா, பெற்றோர் செய்த பாவமா என்று சீடர்கள் இயேசுவைக் கேட்கிறார்கள். நம் ஊரில் கேட்பதும் இதே கேள்விதான். இரண்டும் இல்லை என்று சொல்லிவிட்டு, தரையில் துப்பி, சேறு உண்டாக்கி, அவன் கண்ணில் பூசுகிறார் இயேசு. ஏன் என்று கேட்டவர்களுக்குக் கை அழுக்காகிற ஒரு வேலையில் பதில் கிடைத்தது.

இந்த இடத்தில்தான் தலித் இறையியல் வருகிறது. 1981-இல் பெங்களூரில் அர்விந்த் நிர்மல் சூத்திர இறையியல் பற்றி ஓர் உரை நிகழ்த்தினார். பின்னர் அது தலித் இறையியலாக வளர்ந்தது. சென்னை குருகுல் இறையியல் கல்லூரியில் அவர் அதைத் தொடர்ந்து கற்பித்தார். ஏவல் செய்கிற, ஊழியம் செய்கிற கடவுள் என்பதை அவர் அலங்காரமாகச் சொல்லவில்லை. நம்முடைய ஆட்கள் செய்கிற வேலையைச் செய்கிற கடவுள் என்றே சொன்னார். மதுரை இறையியல் கல்லூரியில் இருந்த பறட்டை என்கிற தியோபிலஸ் அப்பாவு, கர்நாடக இசைக்கீர்த்தனைகளை விட்டு நாட்டுப்புற இசைக்கு வந்து, கடவுளைப் "பெத்தவரே" என்று அழைத்தார். பெத்தவரிடம் சண்டை போடலாம். ராஜாவிடம் முடியாது.

சபையைப் பற்றியே பேசிவிட்டு அரசை விட்டுவிட்டால் நான் பாதிதான் பேசியதாக ஆகும். சித்தப்பா வழக்குக்காக வழக்கறிஞரைப் பார்த்தபோது முதலில் கேட்டது சாதிச் சான்றிதழ். அதில் கிறித்தவர் என்று இருந்தது, எனவே பிற்படுத்தப்பட்டோர் பட்டியல். வன்கொடுமைத் தடுப்புச் சட்டத்தின் 2015 திருத்தம், பட்டியல் சாதியினரைக் கையால் மலம் அள்ளும் வேலையில் ஈடுபடுத்துவதைக் குற்றமாக்கியிருக்கிறது. சித்தப்பாவுக்கு அது பொருந்தாது என்றார். 1950-ஆம் ஆண்டு குடியரசுத் தலைவர் ஆணையின் மூன்றாம் பத்தி அப்படி. இந்துக்களுக்கு மட்டும் என்று தொடங்கி, 1956-இல் சீக்கியர்களையும் 1990-இல் பௌத்தர்களையும் சேர்த்தார்கள். கிறித்தவர்களும் இசுலாமியர்களும் வெளியே.

சென்னையில் சாலையோரம் செருப்புத் தைத்துக்கொண்டிருந்த சூசை என்ற தொழிலாளி இந்த ஆணையை எதிர்த்து உச்ச நீதிமன்றம் வரை போனார். அவரைப் போன்ற தொழிலாளர்களுக்கு அரசு இலவசமாகப் பெட்டிக்கடை கொடுத்தது. கிறித்தவர் என்பதால் அவருக்கு இல்லை. மதம் மாறிய பிறகும் அதே கடுமையோடு ஒடுக்குமுறை தொடர்கிறது என்று நிரூபிக்கப்படவில்லை என்று 1985-இல் மனு தள்ளுபடியானது. பட்டியல் சாதித் தகுதியை மதத்திலிருந்து பிரிக்கச் சொல்லி ரங்கநாத் மிஸ்ரா ஆணையம் 2007-இல் பரிந்துரைத்தது. 2022-இல் கே.ஜி.பாலகிருஷ்ணன் தலைமையில் மீண்டும் ஓர் ஆணையம் அமைத்தார்கள்.

யோசித்துப் பாருங்கள். கிறித்தவத்தில் சாதி இல்லை, எனவே உனக்குப் பாதிப்பில்லை என்கிறது அரசு. நடந்தது கர்த்தரின் சித்தம், எனவே உனக்குப் புகாரில்லை என்கிறது சபை. அந்த மனிதனைத் தொட்டிக்குள் இறங்கச் சொல்லும்போது மட்டும் இரண்டு பேருக்கும் அவன் சாதி சரியாகத் தெரிந்திருக்கிறது.

கடைசியாக, தோழர்கள் வழக்கமாக என்னிடம் கேட்கும் கேள்வி. இவ்வளவும் தெரிந்த பிறகு ஏன் அந்த நம்பிக்கையை விடக்கூடாது? விட்டவர்களை நான் மதிக்கிறேன். அம்பேத்கர் தேர்ந்தெடுத்த தம்மத்தில் கடவுளுக்கு இடமில்லை, அவர் பத்து லட்சம் தடவை யோசித்துத்தான் அதைச் செய்திருப்பார். எனக்கே நம்பிக்கை சில மாதம் இருக்கும், சில மாதம் இருக்காது. அதை மறைக்க விரும்பவில்லை.

ஆனால் சித்தியின் நம்பிக்கையை எடைபோடுகிற தகுதி எனக்கில்லை. அபாயகரமான கழிவுத்தொட்டி வேலைக்கு ஆளை இறக்கக் கூடாது என்ற 2013 சட்டத்தின் கீழ்தான் வழக்குப் பதிவானது. உச்ச நீதிமன்றம் 2014-இல் சொன்ன 10 லட்ச ரூபாய் இழப்பீட்டுக்காக அவள் இரண்டு வருடம் மாவட்ட ஆட்சியர் அலுவலகத்துக்கு அலைந்தாள். கிடைத்தது. குற்ற வழக்கு இன்னும் முடியவில்லை. ஒவ்வொரு வாய்தாவுக்கும் முந்தின நாள் உபவாசம் இருந்துவிட்டுத்தான் பேருந்து ஏறுவாள். ஒரு முறை கூடப் போனபோது கேட்டேன், இவ்வளவு நாள் ஆகியும் கர்த்தர் பேசவில்லையே சித்தி என்று.

"அவரு பேசாட்டி போறாரு. நா பேசிக்கிட்டுத்தான இருக்கேன். கேக்காமயா இருப்பாரு?" என்றாள்.

துன்பத்தில் கடவுளை நம்புவது என்றால் வாயை மூடிக்கொள்வது என்று எங்களுக்குச் சொல்லித்தரப்பட்டது. எங்கள் பெண்கள் அதை வேறு மாதிரி படித்திருக்கிறார்கள். நாளை உங்கள் தெருவில் ஒரு தலித் கிறித்தவர் வீட்டில் சாவு விழுந்து, அங்கே தேவசித்தம் என்ற சொல் கேட்டால், அந்த நம்பிக்கையைக் கேலி செய்யாதீர்கள். பக்கத்தில் உட்கார்ந்து, இறக்கியவன் பேர் என்ன என்று மட்டும் கேளுங்கள். காவல் நிலையத்துக்குக் கூடப் போங்கள்.

அடுத்த வாய்தா வருகிற மாதம். வர முடிந்த தோழர்கள் வாருங்கள்.