அது யாருடைய முடிவு?



இன்று நாம் பேச எடுத்துக்கொண்ட பொருள் கொஞ்சம் சங்கடமானது. நம்மில் கடவுள் மறுப்பாளர்கள் இருக்கிறோம், பௌத்தம் ஏற்றவர்கள் இருக்கிறோம், ஞாயிற்றுக்கிழமை கோயிலுக்குப் போய்விட்டு மாலையில் கூட்டத்துக்கு வருபவர்களும் இருக்கிறோம். கிறித்துவம் சரியா தவறா என்று இங்கே நாம் தீர்ப்புச் சொல்லப்போவதில்லை. சேரியில் பிறந்த ஒருவர், 'கிறித்துவின் வழியில் ஊழியம் செய்யப் போகிறேன்' என்று சொன்னால் அதை அவருடைய சொந்த முடிவாக இந்த நாடு மதிக்கிறதா என்பதே கேள்வி.

மதிப்பதில்லை. வசதியான வீட்டுப் பிள்ளை துறவியானால் 'ஞானம் வந்துவிட்டது' என்கிறார்கள். நம் வீட்டுப் பிள்ளை குருமடத்துக்கோ கன்னியர் மடத்துக்கோ போனால் 'என்ன கொடுத்தார்கள்?' என்று கேட்கிறார்கள். கோதுமை, பால் பவுடர், பள்ளிக்கூடச் சீட்டு என்று ஒரு பட்டியலும் தயாராக இருக்கிறது. நமக்கு வயிறு உண்டு என்பது தெரிந்தவர்களுக்கு நமக்கு மனம் உண்டு என்பது மட்டும் தெரியவில்லை.

இது தெருப்பேச்சு மட்டுமல்ல, சட்டமாகவும் இருந்தது. 2002இல் தமிழ்நாட்டில் கொண்டுவந்த கட்டாய மதமாற்றத் தடைச் சட்டத்தில் பொதுவான தண்டனை மூன்று ஆண்டு வரை. மாற்றப்பட்டவர் சிறுவர், பெண், பட்டியல் சாதியினர் அல்லது பழங்குடியினர் என்றால் நான்கு ஆண்டு வரை. அதாவது நாற்பது வயதுத் தலித் ஆண், சட்டத்தின் பார்வையில், சிறுபிள்ளைகளின் வரிசையில் நின்றான். 2004 தேர்தல் தோல்விக்குப் பின் அந்தச் சட்டத்தை விலக்கிக்கொண்டார்கள். அதன் பார்வையை யாரும் விலக்கிக்கொள்ளவில்லை.

விலக்காமல் நிற்கிற சட்டம் ஒன்றும் இருக்கிறது. 1950ஆம் ஆண்டின் பட்டியல் சாதிகள் ஆணை, மூன்றாம் பத்தி. இந்துவாக இல்லாதவர் பட்டியல் சாதி ஆகமாட்டார் என்றது அது. 1956இல் சீக்கியர்களையும் 1990இல் பௌத்தர்களையும் சேர்த்தார்கள். கிறித்துவரும் முஸ்லிமும் இன்றும் வெளியே. சென்னையில் செருப்புத் தைத்த சூசை என்பவர், மற்ற தொழிலாளிகளுக்கு அரசு தரும் பெட்டிக்கடை தனக்கு மட்டும் ஏன் இல்லை என்று கேட்டு உச்ச நீதிமன்றம் வரை போனார். மதம் மாறிய பின்னும் அதே கொடுமை அதே அளவில் தொடர்கிறது என்பதற்குப் போதிய ஆதாரம் இல்லை என்று 1985இல் வழக்கைத் தள்ளிவிட்டார்கள். செருப்புத் தைத்துக்கொண்டிருந்தவரிடம் இதைவிட வேறென்ன ஆதாரம் கேட்கிறார்கள் என்பது நமக்கு விளங்கவில்லை.

2025இல் ஆந்திராவில் வந்த தீர்ப்பு இன்னும் கூர்மையானது. மாதிகா சாதியில் பிறந்து பத்தாண்டுகளாகப் போதகராக ஊழியம் செய்துவந்த ஒருவர், தன்னைச் சாதி சொல்லித் திட்டினார்கள், அடித்தார்கள் என்று புகார் கொடுத்தார். அவர் கிறித்துவராகிவிட்டதால் வன்கொடுமைத் தடுப்புச் சட்டம் அவருக்குப் பொருந்தாது என்று உயர் நீதிமன்றம் வழக்கை ரத்து செய்தது. அவருடைய புகார்ப்படி, அடித்தவர்களுக்கு அவருடைய சாதி மறக்கவில்லை. சட்டம்தான் மறந்துவிட்டது. தமிழ்நாட்டில் இப்படி மாறியவர்கள் பி.சி. பட்டியலுக்குப் போகிறார்கள். கோயிலில் ஒரு பெயர், சான்றிதழில் ஒரு பெயர் என்று வாழ்கிற குடும்பங்கள் இருப்பதற்கு இதுதான் காரணம். அவர்களைப் பொய்யர்கள் என்று சொல்வதற்கு முன், தாசில்தார் அலுவலகத்தில் ஞானஸ்நானத்துக்கு எவ்வளவு விலை வைத்திருக்கிறார்கள் என்று பார்க்க வேண்டும்.

சரி, அந்த விலையைக் கொடுத்துவிட்டு உள்ளே போனவர்களுக்கு என்ன கிடைத்தது? இதற்கு நம் இலக்கியத்தில் ஒரு சாட்சியம் உண்டு. பாமா ஆசிரியராக வேலை பார்த்தவர். ஏழைப் பிள்ளைகளுக்கு, குறிப்பாகத் தலித் பிள்ளைகளுக்கு உழைக்கலாம் என்று நம்பித்தான் கன்னியர் மடத்தில் சேர்ந்தார். மடத்தின் பள்ளியோ வசதியானவர்களின் பிள்ளைகளுக்கானதாக இருந்தது. ஏழாண்டுகளுக்குப் பின் வெளியே வந்தார். கையில் வேலை இல்லை, எதிர்காலம் என்னவென்று தெரியாது. 1992இல் 'கருக்கு' வந்தது. பாமா வெளியே வந்ததை மட்டும் கொண்டாடுகிற வழக்கம் நம்மிடம் இருக்கிறது. உள்ளே போனதும் அவருடைய முடிவுதான், அதே நேர்மையோடு எடுத்த முடிவு. முதலாவதை ஏமாற்றம் என்று ஒதுக்கிவிட்டால், நாமும் அந்த 2002 சட்டத்தின் கண்ணாடியைப் போட்டுக்கொள்கிறோம்.

திருச்சபையை நாம் தப்பவிட முடியாது. எறையூரில் தலித் கத்தோலிக்கர்கள் தங்களுக்குத் தனிப் பங்கு கேட்டதையொட்டி 2008 மார்ச்சில் கலவரமும் துப்பாக்கிச் சூடும் நடந்தன. அங்கே இரண்டு தரப்பும் ஒரே ஞானஸ்நானம் பெற்றவர்கள். கல்லறையில் சுவர் எழுப்பிய ஊர்களும் உண்டு. சபைக்குள் தீண்டாமை இருப்பதை ஒப்புக்கொண்டு, 2016இல் இந்தியக் கத்தோலிக்க ஆயர்களே ஒரு கொள்கை அறிக்கை வெளியிட்டார்கள். அறிக்கை நல்லதுதான். 1997இல் சேலத்திலிருந்து பிரிந்து உருவான நம் தருமபுரி மறைமாவட்டத்தில் அது எந்த அளவுக்கு நடைமுறைக்கு வந்திருக்கிறது என்று அங்கே இறைமக்களாக இருக்கும் தோழர்கள்தான் கேட்க வேண்டும்.

முடிவெடுப்பதன் விலையை இந்த மாவட்டத்துக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. 2012 நவம்பர் 7 அன்று நத்தம், அண்ணாநகர், கொண்டம்பட்டியில் 200க்கும் மேற்பட்ட வீடுகள் கொளுத்தப்பட்டது, இரண்டு பேர் தங்கள் வாழ்க்கையைத் தாங்களே முடிவு செய்ததைச் சாக்காக வைத்து. அப்போதும் அந்தப் பெண்ணுக்குச் சொந்த மனம் இருப்பதாக யாரும் ஒப்புக்கொள்ளவில்லை, 'மயக்கிவிட்டார்கள்' என்றார்கள். காதலுக்கு மயக்கம் என்றவர்கள் நம்பிக்கைக்கு ஆசை காட்டல் என்கிறார்கள். ஹாதியா வழக்கில் 2018இல் உச்ச நீதிமன்றம் இரண்டையும் சேர்த்தே பேசியது: துணையும் மதமும் வயதுவந்தவரின் சொந்தத் தேர்வு.

மூன்றாம் பத்தியை எதிர்த்து 2004இல் தொடங்கிய வழக்கு உச்ச நீதிமன்றத்தில் இழுபட்டுக்கொண்டே வந்திருக்கிறது. 2022இல் நீதிபதி பாலகிருஷ்ணன் ஆணையம் அமைத்தார்கள். 2023 ஏப்ரலில் தமிழ்நாடு சட்டமன்றம் மதம் மாறிய தலித்துகளுக்காகத் தீர்மானம் போட்டது. இதற்கெல்லாம் தேவைப்படுவது அந்தச் சூசையிடம் கேட்ட ஆதாரம். சமூகவியல் படிக்கும் மாணவர்கள் இங்கே நிறையப் பேர் இருக்கிறீர்கள். பாலக்கோட்டுக்கும் அரூருக்கும் பென்னாகரத்துக்கும் போங்கள். ஊழியத்துக்குப் போனவர்களையும், திரும்பி வந்தவர்களையும் சந்தித்து உட்கார்ந்து பேசுங்கள். கல்லறை எங்கே இருக்கிறது, பாடகர் குழுவில் யார் பாடுகிறார்கள், தேர் எந்தத் தெரு வரை வருகிறது என்று எழுதுங்கள். 'என்ன கிடைத்தது?' என்பதைக் கடைசியில் கேளுங்கள். 'ஏன் போனீர்கள்?' என்பதை முதலில் கேளுங்கள்.