சிடி பிளேயரும் ஆம்ப்ளிஃபயரும்: வாங்கும் முன் சில விஷயங்கள்

(நம் குடியிருப்பின் சமுதாயக் கூடத்தில் ஞாயிறு மாலை நடந்த உறுப்பினர் சந்திப்பில் பேசியதன் எழுத்து வடிவம்)

மேடையில் பேசிப் பழக்கமில்லை. ரோலிங் மில்லில் 29 வருஷம் கத்திக் கத்திப் பேசியவன் நான். அதனால் குரல் கொஞ்சம் உயர்ந்தால் கோபம் என்று நினைத்துவிடாதீர்கள்.

போன மாதம் கேட் பக்கம் பழைய பேப்பர்காரர் தராசில் ஒரு அட்டைப்பெட்டி இருந்தது. உள்ளே எட்டிப் பார்த்தால் அத்தனையும் சிடி. எம்.எஸ். அம்மா, குன்னக்குடி வைத்தியநாதன், இளையராஜா, கொஞ்சம் பக்திப் பாடல்கள். எல்லாமே ஒரிஜினல். யார் வீட்டுப் பெட்டி என்று நான் கேட்கவில்லை. 40 ரூபாய் கொடுத்து வாங்கிக்கொண்டேன். அதைச் செயலாளர் சாரிடம் சொன்னபோதுதான், "இதைப் போட்டுக் கேட்க என்ன வாங்குவது என்று நாலு பேர் கேட்கிறார்கள், நீங்களே பேசிவிடுங்கள்" என்றார்.

முதலில் சிடியைப் பற்றிக் கொஞ்சம். பிலிப்ஸும் சோனியும் சேர்ந்து உருவாக்கி, 1982-இல் விற்பனைக்கு வந்தது. ஒரு விநாடி ஒலியை 44,100 துண்டுகளாக அளந்து, ஒவ்வொன்றையும் 16 பிட் எண்ணாக எழுதி வைத்திருக்கிறார்கள். படிப்பது லேசர் ஒளி. எதுவும் தட்டின் மேல் உரசுவதில்லை, அதனால் தேய்மானம் இல்லை. 1988-இல் அழுத்திய தட்டு இன்றைக்கும் அன்றைக்குப் பாடியபடியே பாடும். ஒரு விஷயம் பலருக்குத் தெரியாது: பளபளப்பான அடிப்பக்கத்துக் கீறலைவிட, படம் அச்சிட்ட மேல்பக்கத்துக் கீறல்தான் ஆபத்து. அலுமினியப் பூச்சு அந்த அச்சுக்கு ஒட்டினாற்போலக் கீழே இருக்கிறது. துடைக்கும்போது வட்டமாகத் துடைக்காதீர்கள். நடுவிலிருந்து ஓரத்துக்கு நேராக இழுங்கள்.

பிளாட்பாரத்தில் விற்ற '150 பாட்டு' தட்டுகள் வேறு ஜாதி. அவை எம்பி3. பழைய சிடி பிளேயர்கள் பல அவற்றைப் படிக்காது. பிளேயர் கெட்டுவிட்டது என்று தூக்கிப் போடுவதற்கு முன் தட்டு எது என்று பாருங்கள்.

இப்போது எல்லோரும் கேட்கும் கேள்விக்கு வருகிறேன். "இந்த சிடி பிளேயருக்கு எந்த ஆம்ப்ளிஃபயர் பொருந்தும்?" கடைக்காரர் இதற்கு அரைமணி நேரம் பதில் சொல்வார். மின்சாரக் கணக்கில் பதில் ஒரு வரிதான்: ஏறக்குறைய எதுவும் எதற்கும் பொருந்தும். சிடி பிளேயர் அதிகபட்சம் சுமார் 2 வோல்ட் வெளியே தரும். ஆம்ப்ளிஃபயர் முழு சக்திக்குப் போக அரை வோல்ட்டுக்கும் குறைவாகவே போதும். பிளேயரின் உள்தடை சில நூறு ஓம், ஆம்ப்ளிஃபயர் வாயில் இருப்பது பத்தாயிரம் ஓமுக்கு மேல். பத்து மடங்கு வித்தியாசம் இருந்தாலே போதும், இங்கே தாராளமாக இருக்கிறது. வால்யூம் குமிழைக் கால்வாசி திருப்பியதுமே வீடு அதிர்ந்தால், "அடேயப்பா என்ன பவர்" என்று மயங்க வேண்டாம். அது அந்த 2 வோல்ட் செய்யும் வேலை.

ஒரே எச்சரிக்கை, பின்பக்கம் 'ஃபோனோ' என்று எழுதிய துளையில் சொருகாதீர்கள். அது இசைத்தட்டு ஊசிக்கானது. ஊசி தருவது சில மில்லிவோல்ட்தான், அதைப் பல மடங்கு பெருக்கி, கீழ் ஸ்தாயியை ஏற்றி, மேல் ஸ்தாயியை இறக்கித் தருவது அந்தத் துளையின் வேலை. நான் முதல் நாள் அதில்தான் சொருகினேன். எம்.எஸ். அம்மா குரல் ஓட்டை டிரம்முக்குள்ளிருந்து வந்தது. மறுநாள் கடைக்காரரிடம் போய்ச் சண்டை வேறு போட்டேன். அவர் பொறுமையாக, "சார், சிடி அல்லது ஆக்ஸ் என்று போட்டிருக்கும் துளையில் போட்டுப் பார்த்தீர்களா" என்றார். 29 வருஷ எலக்ட்ரிக்கல் மெயின்டனன்ஸ் அனுபவம், சொல்லிக்கொள்ளுங்கள்.

உண்மையான பொருத்தம் பார்க்க வேண்டியது ஆம்ப்ளிஃபயருக்கும் ஸ்பீக்கருக்கும் நடுவில். ஸ்பீக்கர் 4 ஓமா 8 ஓமா, ஆம்ப்ளிஃபயர் அதைத் தாங்குமா என்று முதலில் பாருங்கள். அடுத்தது ஸ்பீக்கரின் உணர்திறன். 87 டெசிபல் என்று போட்டிருந்தால், 1 வாட் கொடுத்தால் 1 மீட்டர் தூரத்தில் அவ்வளவு சத்தம் என்று பொருள். நம் ஹால் 12-க்கு 14 அடி. இரண்டு ஸ்பீக்கருக்கும் ஒவ்வொரு வாட் கொடுத்தால் எதிர்ச் சுவரோரம் உட்கார்ந்திருப்பவருக்கு 80 டெசிபலுக்கு மேல் கிடைத்துவிடும். வீட்டுக்கு அதுவே அதிகம். மிருதங்கத்தின் தொப்பி ஒரு கணம் எகிறும்போது பத்து, இருபது மடங்கு கேட்கும், அதற்காகத்தான் 30, 40 வாட் வைத்துக்கொள்வது. வாட்டை இரட்டிப்பாக்கினால் கூடுவது வெறும் 3 டெசிபல். 50 வாட்டுக்கும் 100 வாட்டுக்கும் விலையில் இருக்கும் தூரம் காதில் இருக்காது. 'பிஎம்பிஓ 1000 வாட்' என்று அட்டையில் போட்டிருந்தால் அதைப் படிக்கவே வேண்டாம். ஆர்எம்எஸ் எவ்வளவு என்று கேளுங்கள். பதில் வரத் தாமதமானால் அடுத்த கடை.

என் கைக்காசு போன இடம் இதுதான். ஓய்வு பெற்ற பணத்தில் 100 வாட் ஆம்ப்ளிஃபயர் வாங்கினேன். காரணம் பெருமை இல்லை, எனக்குப் பாட்டு சரியாகக் கேட்கவில்லை. தொழிற்சாலையில் 8 மணி நேர வேலைக்கு 90 டெசிபல்தான் வரம்பு. ரோல் ஸ்டாண்ட் பக்கம் நின்றவர்களுக்கு அது எவ்வளவு தூரம் கடைப்பிடிக்கப்பட்டது என்று தெரியும். காதில் பஞ்சு வைத்தால் கிண்டல் செய்த காலம். இரைச்சலால் போகும் காது முதலில் 4,000 ஹெர்ட்ஸ் பக்கம்தான் போகும். பேச்சு கேட்கும், சொல் புரியாது. பாட்டு கேட்கும், ஜால்ரா கேட்காது. நான் சத்தத்தைக் கூட்டினேன். எனக்கு ஜால்ரா வரவில்லை, கீழ் வீட்டுக்கு பேஸ் போனது. ஒரு நாள் ராத்திரி அந்த அம்மா மேலே வந்து, "அண்ணே, பையனுக்கு பன்னிரண்டாம் வகுப்புப் பரீட்சை. ஷெல்ஃபில் டம்ளர் ஆடுது" என்றார். நான் அதற்கு என்ன பதில் சொன்னேன் என்பதை இங்கே சொல்ல மாட்டேன். அப்புறம் நாலு மாதம் லிஃப்டில் பேச்சு இல்லை.

சட்டப்படியும் அவர் பக்கம்தான் நியாயம். 2000-ஆம் ஆண்டு இரைச்சல் விதிகளில் குடியிருப்புப் பகுதிக்குப் பகலில் 55 டெசிபல், இரவு 10 மணி முதல் காலை 6 வரை 45.

பொன்னேரியில் காது டாக்டரிடம் போய் ஆடியோகிராம் எடுத்த பிறகுதான் விஷயம் விளங்கியது. வலது காதில் அந்த 4,000 ஹெர்ட்ஸ் இடத்தில் கோடு கிணறு மாதிரி இறங்கியிருந்தது. எனக்குத் தேவை வாட் இல்லை, ட்ரெபிள் குமிழ். உயர்ரகக் கருவிகள் சேர்ப்பவர்கள் டோன் கண்ட்ரோலைக் கேவலமாகப் பார்ப்பார்கள். 'மூல ஒலியைக் கெடுக்கும்' என்பார்கள். சிப்காட் காதுக்கு அது மூக்குக் கண்ணாடி மாதிரி. நான் சொல்வேன், நம்மில் மில்லிலும் ஃபவுண்டரியிலும் வேலை பார்த்தவர்கள் டோன் கண்ட்ரோல் இல்லாத ஆம்ப்ளிஃபயரை வாங்காதீர்கள்.

பெரியதை விற்று 35 வாட் வாங்கினேன். ஸ்பீக்கரைத் தரையிலிருந்து எடுத்து ஸ்டாண்டில் ஏற்றி, கால்களுக்குத் தடித்த ரப்பர் வைத்தேன். சுவரோரம் ஒட்டாமல் ஒன்றரை அடி தள்ளினேன், மூலையில் வைத்தால் பேஸ் வீங்கும். நாற்காலியை 12 அடியிலிருந்து 6 அடிக்குக் கொண்டுவந்தேன். அதிலேயே நாலைந்து டெசிபல் இலவசம். அந்த அட்டைப்பெட்டியில் இளையராஜாவின் 1988 'நத்திங் பட் விண்ட்' இருந்தது. ஹரிபிரசாத் சௌராசியா ஊதுவதற்கு முன் மூச்சு இழுக்கிற சத்தம், அது எனக்குக் கேட்டது. எத்தனை வருஷம் கழித்து என்று கணக்குப் போட்டுப் பார்க்கவில்லை.

இனி நம் ஊருக்கான தொல்லைகள். சாயங்காலம் வோல்டேஜ் ஆடும், ஸ்டெபிலைசர் போடுங்கள். கரண்ட் போனால் ஸ்கொயர் வேவ் இன்வெர்ட்டரில் ஆம்ப்ளிஃபயரை ஓட்டாதீர்கள், உள்ளே டிரான்ஸ்ஃபார்மர் உறுமும், சூடாகும். ஸ்பீக்கரில் ஓயாமல் 'ம்ம்ம்' என்று வந்தால், டிவி செட்டாப் பாக்ஸின் கேபிள் வயரைக் கழற்றிப் பாருங்கள். நின்றுவிட்டால் குற்றவாளி அந்த வயர் வழியாக வரும் எர்த், ஆம்ப்ளிஃபயர் இல்லை. கரித்தூசும் பழவேற்காட்டு உப்புக்காற்றும் சேர்ந்த ஊர் இது. வால்யூம் குமிழ் கரகரத்தால் பவரை அணைத்துவிட்டு இருபது தடவை இப்படியும் அப்படியும் திருப்புங்கள். தட்டு தடுக்கினால் முதலில் லென்ஸைச் சந்தேகப்படுங்கள். பட்ஸில் ஒரு துளி ஐசோப்ரோப்பைல் ஆல்கஹால், இறகு தொடுவதுபோல.

பழையது வாங்க ரிச்சி தெரு போகிறவர்கள் சொந்த சிடி ஒன்று எடுத்துப் போங்கள். முதல் பாட்டை மட்டும் கேட்டுத் திருப்தி அடையாதீர்கள். சிடி உள்ளிருந்து வெளியே ஓடும், கடைசிப் பாட்டு ஓரத்தில் இருக்கும். லேசர் நகரும் தண்டவாளத்தில் கோளாறு இருந்தால் அங்கேதான் தெரியும். டிரேயை ஐந்து முறை திறந்து மூடுங்கள், பெல்ட் தளர்ந்திருந்தால் திணறும். அந்த மாடலுக்கு லேசர் பிக்கப் கிடைக்குமா என்று கேட்காமல் பணம் கொடுக்காதீர்கள். வீட்டில் பழைய டிவிடி பிளேயர் சும்மா கிடந்தால் அதுவே சிடியும் பாடும், தனியாகப் பிளேயர் வேண்டியதில்லை. ஆம்ப்ளிஃபயரில் பணத்தைப் போடுங்கள், அதைவிட ஸ்பீக்கரில்.

ஜப்பானிலிருந்து வந்த செட் என்றால் பின்பக்க எழுத்தைப் படிக்காமல் பிளக்கில் சொருகாதீர்கள். அங்கே 100 வோல்ட். என்னுடன் வேலை பார்த்தவர் ஒருவர் அப்படி ஒரு அழகான பிளேயரை நம் 230-இல் போட்டார். பாட்டு வரவில்லை, புகை வந்தது.

கீழ் வீட்டுப் பையன் இப்போது கல்லூரியில். லீவில் வந்தால் மேலே வந்து ஒரு சிடி கேட்டுவிட்டுப் போகிறான். பெட்டியில் இன்னும் 60-க்கு மேல் இருக்கின்றன, பட்டியலோடு சங்க அலுவலகத்தில் வைத்திருக்கிறேன். வேண்டியவர்கள் எழுதி எடுத்துப் போகலாம். உரியவர் மனம் மாறிக் கேட்டால் மொத்தமாகத் திருப்பித் தந்துவிடுகிறேன், 40 ரூபாய் வேண்டாம். இப்போது இதோ இந்த செட்டைப் போடுகிறேன். மணி எட்டேகால், பத்துக்குள் முடித்துவிடலாம். பின் வரிசையில் இருப்பவர்கள் கொஞ்சம் முன்னால் வந்து உட்காருங்கள்.