முட்டை சொல்லும் விதைநெல்

பெரும்போகம் வருகிறது. தம்பலகாமத்தில், மூதூரில், கந்தளாயில் விதைநெல் மூட்டைகள் அவிழப் போகின்றன.

நம் மாவட்டத்தில் பென்சன் எடுத்த பிறகு வேளாண்மை செய்யும் விஞ்ஞான ஆசிரியர்கள் இருக்கிறார்கள். காலையில் வயல், பின்னேரம் மைதானத்தில் பிள்ளைகளுக்கு ஓட்டப் பயிற்சி. ஓடவிட்டுப் பார்த்துத்தானே அணிக்கு ஆள் எடுப்பார்கள்? விதைநெல்லுக்கும் அப்படி ஒரு சோதனை உண்டு. உப்புத் தண்ணீர்ச் சோதனை.

ஒரு வாளித் தண்ணீரில் புது முட்டை ஒன்றைப் போடுங்கள். தாழும். பழைய முட்டை வேண்டாம், அது சும்மாவே மிதக்கும். இனி உப்பைப் போட்டுக் கரையுங்கள். முட்டை மேலே வந்து, ஒரு நாணய அளவுக்குத் தலை காட்டினால் உப்புப் போதும். முட்டையை எடுத்துவிட்டு நெல்லைக் கொட்டிக் கிளறுங்கள். மிதப்பது பதரும், பாதி மட்டும் நிரம்பிய அரைமணி நெல்லும். தாழ்வதே விதை. மறக்க வேண்டாம்: தாழ்வதே விதை.

வெறுந்தண்ணீரில் பதர் மட்டும் மிதக்கும். அரைமணி நெல் தாழ்ந்து நம்மை ஏமாற்றிவிடும். உப்புத் தண்ணீர் கனமானது, அதில் அந்தப் பாச்சா பலிக்காது.

1882இல் ஜப்பானின் ஃபுகுவோகாவில் இந்த முறையை வகுத்தவர் யோகொய் தொகியொஷி. அவரும் விவசாயப் பள்ளி ஆசிரியர்தான். வாத்தியார் புத்தி!

ஒன்று மட்டும் கவனம். தாழ்ந்த நெல்லை உடனே எடுத்து, நல்ல தண்ணீரில் இரண்டு மூன்று முறை அலசுங்கள். உப்பு நின்றால் முளை கெடும். பிறகு வழமைபோல ஊறவைக்கலாம். அந்த முட்டையை அவித்துச் சாப்பிடலாம்.